விழுந்தவனை அடிக்காத ஊர்

எலும்பு உடைகிற சத்தம் பெரிதாக ஒன்றும் இருக்காது. அப்பளம் நொறுங்குகிற மாதிரிதான் இருக்கும். வெளிநாட்டில் நாங்கள் குடியேறிய ரானுயியில், எங்கள் டெய்ரியில், கல்லா மேல் வைத்திருந்த என் வீட்டுக்காரரின் வலது கையில் ஒருவன் சுத்தியலால் அடித்தபோது நான் பால் ஃப்ரிட்ஜ் பக்கம் நின்றிருந்தேன். ஏதோ பாக்கெட் விழுந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் அவர் கத்தினார். பட்டப்பகல். வெளியே பஸ் ஸ்டாப்பில் ஆட்கள் நிற்கிறார்கள். வந்த இரண்டு பேரும் சிகரெட்டையும் வேப் என்கிற மின்சிகரெட்டையும் பையில் அள்ளிக்கொண்டு, போகிற போக்கில் சாக்லேட் ஸ்டாண்டை ஓர் உதை உதைத்துத் தள்ளிவிட்டுப் போனார்கள். எதற்குடா உதைத்தாய், நாசமாய்ப் போகிறவனே, அதுதான் வேண்டியதையெல்லாம் அள்ளிக்கொண்டாயே! இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

டெய்ரி என்றால் இங்கே பால் பண்ணை இல்லை. தெருமுனைக் கடை. பால், ரொட்டி, லாட்டரி, சிகரெட், பிள்ளைகளுக்கு மிட்டாய். என் வீட்டுக்காரர் கம்ப்யூட்டர் வேலைக்காக வந்தவர். அந்த வேலை போன பிறகு, இனி ஒருத்தனுக்குக் கைகட்டி நிற்க மாட்டேன் என்று சொல்லி இந்தக் கடையை வாங்கினார். நல்ல மனுஷன். கடையில் எறும்பு வந்தால்கூட மருந்து அடிக்க விடமாட்டார், மஞ்சளைத் தூவச் சொல்லுவார். அப்படிப்பட்டவர் கையில் தகடு வைத்துத் தைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது வேறு ஆளாக வந்தார். இரண்டு விரல்கள் மடங்கவில்லை. மடங்காத அந்தக் கையோடு ஹார்ட்வேர் கடைக்குப் போய் ஓர் இரும்புக் குழாய் வாங்கி வந்தார். அதன் ஒரு முனையில் கிரிக்கெட் மட்டைக்குச் சுற்றுகிற ரப்பரைச் சுற்றி, கல்லாவுக்குக் கீழே வைத்தார்.

"அடுத்த தடவை வரட்டும். எவனா இருந்தாலும் சரி, முழுசா வெளிய போக மாட்டான்."

உண்மையைச் சொல்கிறேன், ஆரம்பத்தில் எனக்கு அது பிடித்திருந்தது. பரவாயில்லையே, நம்ம ஆளுக்கும் ரத்தம் கொதிக்கிறதே என்று நினைத்தேன். ஆனால் நாளாக ஆகப் பயம் வந்தது. தொப்பி வைத்த ஸ்வெட்டரோடு யார் உள்ளே வந்தாலும் அவர் கை கீழே போகும். ஆளில்லாத நேரத்தில் குழாயை எடுத்து வீசிப் பார்ப்பார், இடது கைக்குப் பழக்கம் வர வேண்டுமாம். ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே கடைக்கு வந்த எங்கள் மகள் அதைப் பார்த்துவிட்டு, "அப்பா, யூ ஆர் ஸ்கேரிங் மீ" என்று சொல்லிவிட்டு வாசலோடு போய்விட்டாள். இவர் ஒருத்தனைக் கொன்றுபோட்டுவிட்டு ஜெயிலுக்குப் போகப் போகிறார். என்னைப் பிடித்து ஆட்டியது அது ஒன்றுதான். கடை போனால் போகட்டும். இவர் கொலைகாரர் ஆகிவிடக் கூடாது.

பக்கத்துக் கடை ரொட்டிக்கடை. அதை நடத்துகிறவள் ரஷ்யாக்காரி. அறுபதை ஒட்டிய வயது, முழங்கை வரைக்கும் மாவு, துருப்பிடித்த கதவு திறக்கிற மாதிரி ஒரு குரல். நாங்கள் கடை எடுத்த புதிதில் அவளை நான் பழக்கத்தில் "அக்கா" என்று கூப்பிட்டுவிட்டேன். அப்படியென்றால் என்ன என்று கேட்டாள். சொன்னேன். யோசித்துவிட்டு, "சரி, அதையே வச்சுக்கோ" என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அவள் அக்காதான். எங்கள் இரண்டு பேருக்கும் இருந்தது ஓட்டை இங்கிலீஷ். ஆனால் அவள் பேசியதெல்லாம் எனக்கு என்னவோ தமிழிலேயே பேசிய மாதிரிதான் மனதில் நிற்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

மத்தியானம் ஓய்ந்த நேரத்தில் நான் அவள் கடைப் பின்கட்டுக்குப் போவேன். அவள் மாவு பிசைந்துகொண்டே தன் ஊரைப் பற்றிப் பேசுவாள். பாசமாகவெல்லாம் இல்லை, கடன்காரனைத் திட்டுகிற மாதிரி.

அவள் ஊருக்கு ஊர் என்று பெயர் வந்ததே ஒரு கண்ணாடி ஃபாக்டரியால்தான். அதற்கு முன்னால் அங்கே சதுப்பும் காடும் மட்டும். யாரோ ஒரு பழைய காலத்து முதலாளி வந்து பார்த்திருக்கிறான். மண்ணில் வெள்ளை மணல், சுற்றிலும் எரிக்கக் காடு. போதாதா? வேறு ஊர்களிலிருந்து ஆட்களைக் குடும்பம் குடும்பமாக மாட்டை ஓட்டி வருகிற மாதிரி ஓட்டி வந்து உலையை மூட்டினான். அந்த உலையைச் சுற்றி வீடுகள், வீடுகளைச் சுற்றித் தெரு, தெருவைச் சுற்றி ஊர். அப்புறம் புரட்சி வந்து முதலாளி போனான், அரசாங்கம் வந்தது. உலை மட்டும் அணையவில்லை. யுத்தக் காலத்தில் பெண்கள் நின்று வேலை பார்த்தார்கள். யுத்தம் முடிந்த பிறகு கிரிஸ்டல் ஜாடிகளும் கிண்ணங்களும் செய்தார்கள். கண்ணாடியை ஊதுகிறவர்களுக்கு நாற்பது வயதுக்குள் நெஞ்சு போய்விடும், பட்டை தீட்டுகிறவர்களுக்கு விரல் நுனியில் தோலே இருக்காது.

"ஆனா எல்லாம் ஃபாக்டரி கொடுத்தது," என்பாள் அக்கா. "பள்ளிக்கூடம் அதோடது. ஆஸ்பத்திரி அதோடது. வீட்டுல குழாயைத் திறந்தா வர்ற சுடுதண்ணி அந்த உலையோட சூட்டுல காய்ஞ்சது. செத்தாப் புதைக்கிற பெட்டியும் ஃபாக்டரி தச்சன்தான் செஞ்சான்."

எனக்கு அது புரிந்தது. நானும் மில் இருந்த ஊரில் வளர்ந்தவள்தான். சங்கு ஊதினால்தான் எங்கள் தெருவில் உலை வைப்பார்கள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் கண்ணாடி ஃபாக்டரிக்காரர்கள், அந்தப் பக்கம் மரம் அறுக்கிற மில்காரர்கள். கிறிஸ்தவர்களின் பெரிய நோன்புக்கு முந்தின வாரம், தோசை மாதிரி ஒன்றை வெண்ணெய் வழியச் சுட்டுத் தின்றுவிட்டு, இரண்டு பக்கத்து ஆம்பிளைகளும் உறைந்த ஆற்றின் மேல் சுவர் மாதிரி எதிரெதிரே நிற்பார்கள். நின்று, ஒருவரையொருவர் அடித்துக்கொள்வார்கள். கோபம் ஒன்றும் கிடையாது. சும்மா. பல் உடையும், மூக்கு உடையும், பனிக்கட்டி மேல் ரத்தம் சிந்தும். அவள் காலத்தில் ஆற்றை விட்டுவிட்டு டான்ஸ் ஹால் வாசலுக்கு வந்துவிட்டார்களாம். ஆனால் சட்டம் அதேதான். கையில் ஒன்றும் இருக்கக் கூடாது. விழுந்தவனை அடிக்கக் கூடாது. எவ்வளவு வெறி ஏறினவனாக இருந்தாலும், எதிரி விழுந்துவிட்டால் நின்றுவிட வேண்டும். விழுந்தவனை அடித்தவனுக்கு அதன் பிறகு ஊரில் யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள், உலை முன்னால் அவன் பக்கத்தில் நிற்க மாட்டார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இது என்ன அக்கா கூத்து? விழுந்தாத்தானே வசதியா அடிக்கலாம்? எங்க ஊர்ல விழுற வரைக்கும் வேடிக்கை பாத்துட்டு, விழுந்த பிறகுதான் தெருவே ஓடி வந்து மிதிக்கும்."

அவள் சிரிக்கவில்லை. மாவைத் தூக்கிப் பலகையில் ஓங்கி அறைந்தாள்.

அப்புறம்தான் அந்த ஊர் செத்த கதையைச் சொன்னாள். நாடே கவிழ்ந்தபோது ஃபாக்டரியைத் தொழிலாளிகளுக்கே பங்கு போட்டுக் கொடுக்கிறோம் என்று ஆளுக்கொரு காகிதம் கொடுத்தார்களாம். ஊரே சிரித்ததாம், இந்தக் காகிதத்தைச் சுட்டுத் தின்ன முடியுமா என்று. பெரிய ஊரிலிருந்து தோல் கோட்டுப் போட்ட சிலர் வந்து, ஒரு வோட்கா பாட்டிலுக்கு ஒரு காகிதம் என்று வாங்கிக்கொண்டு போனார்கள். ஊர் குடித்து முடித்துக் கண் விழித்தபோது ஃபாக்டரி அவர்களுடையது. அவர்களுக்குள் சண்டை வந்தது. ஒரு டைரக்டரை அவன் வீட்டு மாடிப்படியிலேயே சுட்டுப் போட்டார்கள். அடுத்து வந்தவனைக் காரோடு கொளுத்தினார்கள். சம்பளம் நின்றது. சம்பளத்துக்குப் பதிலாகக் கிரிஸ்டல் ஜாடி கொடுத்தார்கள்.

"வீடு பூரா ஜாடி. ரொட்டி இல்ல. ஜாடியைத் தூக்கிக்கிட்டு நாங்க எல்லாரும் ரயில்வே பிளாட்பாரத்துல நிப்போம். ரயில் நிக்கிற நேரத்துல ஜன்னல் வழியா விக்கணும். எல்லார் கையிலயும் ஜாடி, அதனால விலை கிடையாது. இடத்துக்காகப் பொம்பளைங்க முடியைப் பிடிச்சு அடிச்சுக்குவோம். என் பல்லு ஒண்ணு அப்பத்தான் போச்சு."

கடைசியில் உலை அணைந்தது. உள்ளே இருந்த கண்ணாடிக் குழம்பு அப்படியே கல்லாக இறுகிவிட்டது. கடப்பாரை போட்டு உடைத்தாலொழிய இனி மூட்ட முடியாது. உடைக்க யாருக்கும் மனசில்லை. பிறகு வேலி வழியாக ஒவ்வொருவராக உள்ளே புகுந்து செம்புக் கம்பியை வெட்ட ஆரம்பித்தார்கள், பழைய இரும்புக்காரனிடம் போட.

"ஒரு நாள் ஒருத்தன் கம்பி வெட்டிக்கிட்டு இருந்தான்," என்றாள். "காவலுக்கு நின்னவன் பார்த்துட்டான். ரெண்டு பேரும் ஒரே உலை முன்னால பக்கத்துல பக்கத்துல நின்னவங்க. ஆனா காவல்காரன் கையில கடப்பாரை இருந்துச்சு. ஒரே அடி. விழுந்துட்டான். விழுந்த பிறகும் விடலை. உயிர் போற வரைக்கும் விடலை."

இதைச் சொன்னபோது அவள் கண் சுவரில் மாட்டியிருந்த படத்தில் இருந்தது. அவள் புருஷனுடைய படம். அகலத் தோள், சின்னக் கண், படத்தைச் சுற்றிக் காகிதப் பூ. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? பூப் போட்ட படத்தைப் பார்த்து நம்மில் யாராவது எப்படி எப்போது என்று நோண்டுவார்களா? திருடப் போய்த்தான் என்றாலும் பசிக்குத் திருடினவன், அடித்தே கொன்றுவிட்டார்கள், பாவம். எழுந்துபோய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவள் அன்றைக்கு என் கையில் ஒரு கிரிஸ்டல் ஜாடியைத் திணித்தாள். அடிப்பாகம் அம்மிக்கல் கனம்.

"வச்சுக்கோ. என் ஒரு மாசச் சம்பளம்."

அதைக் கடையில் கல்லா பக்கத்துச் சாமி படத்தோடு வைத்து, தண்ணீர் ஊற்றிச் சாமந்திப்பூ போட்டேன். வீட்டுக்காரரிடம் அக்கா கதையைச் சொன்னேன். மனசு இளகும் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.

"பாத்தியா? கடப்பாரை வச்சிருந்தவன் பொழச்சான். வெறுங்கையோட போனவன் செத்தான். இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?"

"ஏங்க, நான் என்ன சொல்றேன், நீங்க என்ன சொல்றீங்க? அந்தக் குழாயத் தூக்கிப் போடுங்க முதல்ல!"

"நீ சும்மா இருடி. உன் கையா உடைஞ்சது?"

எனக்கு வாயில் நன்றாக வந்தது. உள்ளே ஒரு யாழ்ப்பாணத்து டாக்சிக்காரர் பாலை எடுத்துக்கொண்டு நின்றதால் விழுங்கிக்கொண்டேன். அவர் எங்கள் சண்டையைக் கேட்காத மாதிரி, "தங்கச்சி, மனுசன்ர கை இப்ப எப்பிடி இருக்கு?" என்று என்னிடம் விசாரித்தார்.

"கைக்கு ஒண்ணும் இல்லண்ணே. தலைக்குத்தான்," என்றேன்.

அவர் பணம் கொடுத்துவிட்டு வாசலைத் தாண்டியிருப்பார். எதிரே ஒரு கார் வந்து நடைபாதை மேலேயே ஏறி நின்றது. முகத்தை மூடின இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். ஒருவன் கையில் பை. இன்னொருவன் கையில் கடப்பாரை.

கடப்பாரைக்காரன் பேசவே இல்லை. வந்த வேகத்தில் கல்லா மேல் இருந்த கண்ணாடித் தடுப்பில் ஓங்கி அடித்தான். கண்ணாடி எங்கள் மேல் மழையாகக் கொட்டியது. என் வீட்டுக்காரர் குனிந்தார், நிமிர்ந்தபோது குழாய் கையில் இருந்தது. அவன் அவர் தலைக்குக் குறிவைத்துக் கடப்பாரையை வீசினான். அவர் விலகினார், ஆனாலும் காது கிழிந்து சட்டை எல்லாம் ரத்தம். அவன் மறுபடியும் ஓங்கினான்.

என் கைக்கு எட்டினது அந்த ஜாடிதான். பூவோடும் தண்ணீரோடும் இரண்டு கையாலும் தூக்கி, உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து எறிந்தேன். அவன் தாடையில் பட்டது. தடாலென்று பின்னால் சாய்ந்து கண்ணாடித் துண்டுகள் மேல் மல்லாந்து விழுந்தான். கடப்பாரை உருண்டு சிப்ஸ் அடுக்குக்குக் கீழே போயிற்று. ஜாடி தரையில் பட்டுத் தூள் தூளாயிற்று. பை வைத்திருந்தவன் பையைப் போட்டுவிட்டு ஓடினான். கார் போகிற சத்தம் கேட்டது.

என் வீட்டுக்காரர் கல்லாவைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். அந்த முகத்தோடு எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. கீழே கிடந்தவனுக்கு முப்பது வயது இருக்கும். முகமூடி விலகி, வாயெல்லாம் ரத்தம். இரண்டு கையையும் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு "நோ, ப்ரோ, நோ" என்றான். அதைக் கேட்டதும் எனக்கு இரக்கம் வரவில்லை. வெறிதான் வந்தது. அத்தனை நாள் பயந்து செத்த நானே கத்தினேன்.

"அடிங்க! விடாதீங்க! மண்டையிலயே போடுங்க!"

குழாய் மேலே போய்க் கீழே இறங்கியது. அப்பளம் நொறுங்குகிற அதே சத்தம்.

ஆனால் அது அவன் மண்டை இல்லை. அக்காவின் கை. எப்போது வந்தாள், எப்படிக் குறுக்கே பாய்ந்தாள் என்று நான் பார்க்கவில்லை. முழங்கை வரை மாவோடு, அவன் மேல் கவிழ்ந்த மாதிரி மண்டி போட்டிருந்தாள். வலது முன்கை நடுவில் வளையக் கூடாத இடத்தில் வளைந்திருந்தது. அவள் அலறவில்லை. அண்ணாந்து என் வீட்டுக்காரரைப் பார்த்து என்னவோ அவள் பாஷையில் சொன்னாள். பிறகு இங்கிலீஷில் சொன்னாள்.

"விழுந்துட்டான். கண்ணு தெரியலையா உனக்கு? அவன் விழுந்துட்டான்."

குழாய் அவர் கையிலிருந்து தானாக விழுந்தது. வாசலில் டாக்சிக்காரர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "ஓம், ஓம், பொலிஸுக்குச் சொல்லிப்போட்டன்" என்று பதறிக்கொண்டிருந்தார்.

போலீஸ் வந்தது. கீழே கிடந்தவனைத் தூக்கி உட்காரவைத்துக் கைவிலங்கு போட்டார்கள். அவன் தாடையை யார் உடைத்தது என்று கேட்டார்கள். நான்தான், கடப்பாரையை ஓங்கினபோது எறிந்தேன் என்றேன். இன்னொரு கான்ஸ்டபிள் அக்காவின் கையைப் பார்த்தார், தரையில் கிடந்த குழாயைப் பார்த்தார், என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தார்.

"இவர் மேலே நீங்கள் புகார் எதுவும் கொடுக்கணுமா?"

"இவர் என்னை அடிக்கலை," என்றாள் அக்கா. "நான்தான் குறுக்கே விழுந்தேன்."

ஆம்புலன்ஸ் வரத் தாமதமாயிற்று. அவளைப் பால் கிரேட் மேல் உட்காரவைத்து, உறைந்த பட்டாணிப் பாக்கெட்டை அவள் கையில் வைத்துக் கட்டினேன். எதிரே இன்னொரு கிரேட்டில் என் வீட்டுக்காரர், காதில் துண்டை அமுக்கிக்கொண்டு. எனக்குக் கோபம் திரும்பி வந்துவிட்டது. அவள் மேல்தான் வந்தது. வேறு யார் மேல் வரும்?

"உங்களுக்குப் பைத்தியமா அக்கா? அந்தத் திருட்டு நாய்க்காகவா கையைக் கொடுத்தீங்க? அவன் இவரைக் கொல்ல வந்தவன். உங்க வீட்டுக்காரரையும் இப்படித்தானே ஒருத்தன் கடப்பாரையால அடிச்சே கொன்னான்? கொஞ்சமாவது சூடு சொரணை இருக்கா உங்களுக்கு?"

அவள் என்னைப் புரியாமல் பார்த்தாள்.

"என் புருஷனையா? அவரை யாரும் கொல்லலையே."

"நீங்கதானே சொன்னீங்க? கம்பி வெட்டப் போனவன், காவல்காரன் அடிச்சு..."

"ஓ," என்றாள். பட்டாணிப் பாக்கெட்டைச் சரிசெய்துகொண்டாள். "காவலுக்கு நின்னது என் புருஷன்."

அவள் என்னிடம் பேசவில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"உன்னை மாதிரிதான் இருப்பார். சத்தம் போட மாட்டார். அணைஞ்சு போன உலைக்குக் காவல். சம்பளம் ஜாடி. அதுக்காக ஒருத்தனை அடிச்சார். முதல் அடி ஃபாக்டரிக்காக அடிச்சேன்னு கோர்ட்டுல சொன்னார். சரி, அவன் விழுந்த பிறகு அடிச்சதெல்லாம் எதுக்குன்னு ஜட்ஜ் கேட்டார். தெரியலைன்னார். நிஜமாவே அவருக்குத் தெரியலை. ஜெயில்ல டி.பி. வந்துச்சு. பெட்டியிலதான் வீட்டுக்கு வந்தார்."

என் வீட்டுக்காரர் துண்டைக் காதிலிருந்து எடுத்துவிட்டார். ரத்தம் கழுத்தில் இறங்கிக்கொண்டிருந்தது, அவர் துடைக்கவில்லை.

"செத்தவன் எங்களுக்குக் கீழ்வீடு," என்றாள் அக்கா. "அவன் பொண்டாட்டியும் நானும் அதே மாடிப்படியிலதான் ஏறி இறங்கணும். அவ என்னை ஒரு வார்த்தை திட்டினதில்ல. நான் வந்தா சுவரோட ஒட்டி நின்னு எனக்கு வழி விடுவா. தினமும் வழி விடுவா. அடிச்சிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். அதைத் தாங்க முடியாமத்தான் அந்த ஊரை விட்டு இவ்வளவு தூரம் ஓடி வந்தேன்."

தூரத்தில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது.

"அக்கா, உங்க கை..." என்று என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். சின்னப் பிள்ளை மாதிரி உதடு கோணிக்கொண்டது.

"கை ஒட்டிக்கும்," என்றாள் அவள் வெடுக்கென்று. "பிசைஞ்ச மாவைத் திறந்து போட்டுட்டு வந்திருக்கேன், காய்ஞ்சு போகும். போ, போய் ஒரு ஈரத்துணியைப் போட்டு மூடு."

அவர் எழுந்து போனார். அவளை ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டு, போன மனுஷனைக் காணோமே என்று நான் ரொட்டிக்கடைப் பின்கட்டில் எட்டிப் பார்த்தேன். மாவை மூடியிருந்தார். மூடிவிட்டு, காகிதப் பூப் போட்ட அந்தப் படத்துக்கு நேரே, மடங்காத கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றிருந்தார். நான் கூப்பிடவில்லை.